ஒரு வார்டில் வந்த தொல்லைக்காக நர்ஸிங்கையே விடச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் அழுவதில் தப்பே இல்லை. உதவிச் செவிலியராகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதே வார்டில் பல வருடமாக இருக்கும் மூத்த உதவிச் செவிலியர் ஒருவர் நோயாளிகள் முன்னாலேயே அவளை மட்டம் தட்டுகிறார். தூக்கிப் புரட்ட வேண்டிய கனமான நோயாளிகளை எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிடுகிறார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரங்களை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, பிறகு "இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை" என்று பொறுப்புச் செவிலியரான சிஸ்டரிடம் சொல்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருபவள் உடைந்துதான் போவாள்.

ஆறுதல் இவ்வளவு போதும். கடிதத்தின் பின்பாதிக்கு வருகிறேன், அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

"அப்பவே சொன்னேன், பெட்பேன் தூக்குற வேலை நம்ம வீட்டுப் பெண்ணுக்கு எதுக்கு" என்று அவளுடைய பெரியப்பா ஆரம்பித்திருக்கிறார். வேலையை விடச் சொல்லி, வெளிநாட்டில் எங்காவது மருத்துவம் படிக்க அனுப்பலாம், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது வீட்டை அடமானம் வைத்து இன்னொரு கடன், எடுத்தால் பணம் வந்துவிடும் என்பது அவர் யோசனை. எந்த நாட்டில் எந்தக் கல்லூரி நல்லது என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். அந்தப் பட்டியலை நான் தரப்போவதில்லை.

வெளிநாட்டில் மருத்துவம் முடித்துத் திரும்புகிறவர் இங்கே உடனே ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு வேலை பார்க்க முடியாது. முதலில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் இரண்டு வருட இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு ஒரு வருட கட்டாய சமூக சேவைப் பணி. இன்டர்ன்ஷிப் இடத்துக்கே காத்திருக்க வேண்டியிருக்கும். அவளுக்கு இப்போது வயது இருபது. ஆறு வருடப் படிப்பையும் சேர்த்துக் கூட்டினால் முப்பதைத் தொடும்போதுதான் முழு மருத்துவராகத் தனித்து வேலை பார்க்க முடியும். அப்போதும் வேலை உறுதி கிடையாது. உள்ளூரிலேயே படித்துப் பயிற்சி முடித்த மருத்துவர்கள் அரசுப் பணியிடத்துக்காகக் காத்திருப்பதை நாம் செய்திகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அரசு நிதியுதவியான என்ஸ்ஃபாஸ் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடைக்காது. ஆக, முழுச் செலவும் உங்கள் வீட்டின் தலையில். பெரியப்பா யோசனை சொல்கிறார், மாதா மாதம் பாண்ட் கட்டப்போவது நீங்களும் உங்கள் கணவரும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் வந்து போகிறது. பக்கவாதம் வந்த ஒரு தாத்தா உங்கள் மகள் ஊட்டினால் மட்டும்தான் சாப்பிடுகிறார், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் மலர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் பிடிக்காதது ஒரு மனுஷி நடந்துகொள்ளும் விதம். வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. மருத்துவம் படிக்க ஆசை என்று அவள் சொன்னதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. பி.காம் படிக்கட்டும் என்று அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அப்படித்தான். எனவே அவற்றை இங்கேயே விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாருமே பேசாத வழியைப் பேசுவோம். அவள் அங்கேயே இருந்து இந்தப் பிரச்சினையை முறைப்படி எதிர்கொள்ளும் வழி.

முதலில் அந்த மூத்தவர் செய்வதை அவள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடுமையாகப் பேசுவது ஒன்று. வேலையைச் சமமாகப் பங்கிடாதது இன்னொன்று. நோயாளிக்கு ஆபத்து வரும்படி நடப்பது மூன்றாவது, அது முற்றிலும் வேறு. உதாரணத்துக்கு, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நோயாளியைப் புரட்டாமலே "புரட்டியதாகச் சார்ட்டில் எழுதிவிடு" என்று சொன்னால், அல்லது எடுக்காத இரத்த அழுத்தத்தை எழுதச் சொன்னால், அவள் ஒருபோதும் கையெழுத்துப் போடக்கூடாது. அன்றே, அந்த ஷிஃப்டிலேயே, பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பொறுமை காக்கத் தேவையில்லை. படுக்கைப்புண் வந்தால் சார்ட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். செவிலியர்களைப் பதிவு செய்யும் நர்ஸிங் கவுன்சிலில் அவள் பெயரும் பதிவாகியிருக்கிறது, புகார் அங்கே போனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். மாத்திரை கொடுப்பது மாதிரி அவளுடைய பணி எல்லைக்குள் வராத வேலையைச் செய்யச் சொன்னாலும் இதே பதில்தான்: "எனக்கு அதற்கு அனுமதி இல்லை, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்."

மற்ற இரண்டுக்கும் முதல் படி நேரடிப் பேச்சு. இதை நம் பெண்கள் செய்வதே இல்லை. மூத்தவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம், அதனால் வாயை மூடிக்கொண்டு உள்ளே புழுங்குகிறார்கள். மரியாதையாகவே பேசலாம். வார்டு நடுவில் வேண்டாம், ஷிஃப்ட் முடிந்ததும் தனியாக, ஒரே ஒரு சம்பவத்தைப் பற்றி மட்டும்: "நேற்று ஆறாம் கட்டில் நோயாளி முன்னால் என்னைத் திட்டினீர்கள். நான் தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். நோயாளி முன்னால் வேண்டாம்." பழைய கணக்கையெல்லாம் அன்று இழுக்கக்கூடாது. அழுகை வரும் போலிருந்தால் இன்னொரு நாள் பேசட்டும். போதிய ஊழியர்கள் இல்லாத வார்டில் வருடக்கணக்கில் வேலை செய்து சலித்துப்போன சிலர், இப்படி ஒரு தடவை நேராகக் கேட்டதும் அடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடங்காதவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் அடுத்த படி.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, ஷிஃப்ட், நேரம், என்ன நடந்தது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், நோயாளி கவனிப்பில் என்ன பாதிப்பு. இவ்வளவுதான். "அவர் என்னை வெறுக்கிறார்" என்று எழுதுவதில் பயனில்லை. "செவ்வாய் காலை ஹேண்ட்ஓவரில் நான்காம் கட்டில் நோயாளிக்கு உணவு நிறுத்தியிருப்பதைச் சொல்லவில்லை, நான் தட்டைக் கொண்டுபோன பிறகு சிஸ்டர் தடுத்தார்" என்று எழுதினால் அதற்கு எடை உண்டு. நோட்டில் நோயாளியின் பெயர் வரவே கூடாது, கட்டில் எண் போதும். போனில் ரெக்கார்ட் செய்வது, படம் எடுப்பது, வார்டு வாட்ஸாப் குரூப்பில் புலம்புவது மூன்றும் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. நியாயம் அவள் பக்கம் இருக்க, நோயாளி குரல் பதிவான ஒரு ஆடியோவால் குற்றம் அவள் மேல் திரும்பிவிடும்.

மூன்று நான்கு வாரம் எழுதிய பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், யூனிட் மேனேஜரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேச வேண்டும். போகும்போது கையில் கோரிக்கை இருக்க வேண்டும். "அவரைக் கண்டியுங்கள்" என்பதை விட, "கட்டில்களை ஷிஃப்ட் தொடக்கத்தில் எழுதிப் பங்கிடுங்கள், ஹேண்ட்ஓவர் கட்டில் பக்கத்திலேயே நடக்கட்டும், அடுத்த ரோஸ்டரில் எங்களை வேறு வேறு ஷிஃப்டில் போடுங்கள்" என்று கேட்டால் மேனேஜருக்குச் செய்வது சுலபம். பேசி முடித்த அன்றே "இன்று இவற்றைப் பேசினோம்" என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடட்டும். அதுவும் பலிக்காவிட்டால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்துப் புகார். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், வேலையிடத்தில் அதன் பிரதிநிதியான ஷாப் ஸ்டுவர்டைக் கூட வைத்துக்கொள்ளலாம். டெனோசா, ஹோஸ்பெர்சா, நெஹாவு ஆகிய மூன்று சங்கங்களிலுமே செவிலியர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் அவளுக்கு எதிராக இல்லை என்பதை உங்கள் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையிடத் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான நன்னடத்தைக் கோவை 2022 மார்ச் 18 முதல் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கை ஓங்குவதையும் கத்துவதையும் மட்டும் அது சொல்லவில்லை. வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, ஆள் இருப்பதே தெரியாதது போல நடத்துவது, ஒதுக்கி வைப்பது, ஒருவர் வேலை கெடும்படி செய்வது, இவையெல்லாம் அதில் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. புகார் வந்தால் விசாரித்து நடவடிக்கை எடுப்பது முதலாளியின் கடமை.

ஆத்திரத்தில் ராஜினாமா செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானாக வேலையை விட்டவருக்கு யு.ஐ.எஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் பணம் பொதுவாகக் கிடைக்காது. "இருக்க முடியாதபடி செய்தார்கள், அதனால்தான் விட்டேன்" என்று 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ-வுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவளுடையது. உள்ளே புகார் கொடுத்தாயா, மேனேஜரிடம் சொன்னாயா என்றுதான் முதலில் கேட்பார்கள். நோட்டும் மின்னஞ்சலும் இல்லாமல் வெளியே வந்தவரிடம் காட்ட என்ன இருக்கும்?

இன்னொன்று. அந்த மூத்தவர் உங்களுக்குத் தெரிந்த குடும்பம், ஈஸ்டர் நேரத்து மாரியம்மன் திருவிழாவில் பார்த்துக்கொள்வீர்கள், கோவில் கமிட்டிப் பெரியவர் மூலமாகச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வார்டு விஷயம் கோவிலுக்குப் போனால் மறுநாள் வார்டில் "வீட்டில் போய்க் கோள் சொல்கிறாள்" என்ற பேச்சுதான் வரும். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு, தவறை உணர்ந்தாலும் அந்த மூத்தவரால் இறங்கி வர முடியாது. நீங்கள் மேட்ரனுக்குப் போன் செய்வதும் அப்படித்தான். அவள் இருபது வயது ஊழியர், பேச வேண்டியவள் அவள்.

மற்ற ஊழியர்கள் ஜூலுவில் பேசிச் சிரிக்கும்போது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றுகிறதாம். பெரும்பாலும் அப்படி இருக்காது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நர்ஸாக இருப்பவளுக்கு ஜூலு தெரியாமல் இருப்பது நோயாளிக்கும் நஷ்டம். வலி எங்கே என்று கேட்கத் தெரிந்தாலே போதும், அவள் மதிப்பு ஏறும். காலையில் ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்து "சவுபோனா" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லித் தொடங்கட்டும். அந்த வார்டில் அவளுக்கு இப்போது மிகவும் தேவை, நடந்ததைப் பார்த்த ஒரு தோழி.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் உள் இடமாற்றம் கேட்கலாம். அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, அறுவை சிகிச்சை வார்டு எல்லாம் இருக்கும். வேலை போகாது, சம்பளம் நிற்காது, அனுபவம் கூடும். இதை யாரும் தோல்வியாக நினைக்க வேண்டாம். ஏஜென்சி மூலம் ஷிஃப்ட் எடுப்பதை மட்டும் இப்போது யோசிக்காதீர்கள். புதிதாக வந்தவளுக்கு நிலையான வார்டும் சொல்லிக்கொடுக்கும் ஆட்களும் வேண்டும்.

படிப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தத் துறைக்குள்ளேயே மேலே போக இடம் இருக்கிறது. அவள் முடித்திருப்பது ஒரு வருட உயர் சான்றிதழ். அதற்கு மேல் பொதுச் செவிலியருக்கான மூன்று வருட டிப்ளோமா இருக்கிறது. அதற்கும் மேல் மகப்பேறும் சேர்ந்த நான்கு வருடப் பட்டம், டர்பனிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். பட்டம் முடித்து ஒரு வருட சமூக சேவையும் செய்தால் தோளில் மெரூன் பட்டை போட்ட சிஸ்டர். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு என்ஸ்ஃபாஸ் விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரிக்கு அது கிடையாது. எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று கவுன்சிலின் பிரிட்டோரியா அலுவலகத்திடமே கேட்டுவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரிகளில் பணத்தைத் தொலைத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

பெரியப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள். அவர் அன்பில்தான் சொல்கிறார், ஆனால் அவளை உட்காரவைத்து அந்தப் பேச்சைக் கேட்கவைக்காதீர்கள். ஏற்கெனவே வார்டில் ஒருவர் "உனக்கு இது சரிப்படாது" என்று தினமும் சொல்கிறார். வீட்டிலும் அதையே கேட்டால் அவள் நம்பிவிடுவாள்.

அப்புறம், நர்ஸிங் கவுன்சிலின் வருடக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டியாக வேண்டும். விடுவதா இருப்பதா என்ற குழப்பத்தில் அதைத் தள்ளிப்போட்டுவிட வேண்டாம். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு மறுபடி சேர்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதுவரை எந்த வார்டிலும் வேலை செய்ய முடியாது. இந்த மாதச் சம்பளத்திலேயே அதை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.