லெய்செஸ்டரா, லெஸ்டரா?

கேள்வி: என் மகனுக்கு இங்கிலாந்தில் லெய்செஸ்டர் நகரத்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயரை நேர்காணலில் தப்பாகச் சொன்னால் விசா போய்விடும் என்று பயமுறுத்தி, உச்சரிப்புப் பயிற்சிக்கு 12,000 ரூபாய் கேட்கிறார் எங்கள் கன்சல்டன்ட். வட இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கும் என் தம்பியோ, லண்டன்காரர்களுக்கே தன் ஊர்ப் பெயர் சரியாகச் சொல்ல வராது என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
– நாமக்கல் வாசகி

பதில்: முதலில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஊரின் பெயர் லெஸ்டர். பையன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும், 12,000 ரூபாய் வேலை இதில் ஒன்றுமில்லை. எழுத்தில் நடுவே ஒரு ‘செ’ நிற்கிறது. வாயில் அது கிடையாது. பலகையில் திருநெல்வேலி என்று இருந்தாலும் அந்த ஊர்க்காரர் தின்னவேலி என்கிறாரே, அதே கதைதான். கோட்டைக்கு ரோமானியர் சொன்ன ‘காஸ்ட்ரா’தான் இந்தப் பெயர்களின் வாலாக ஒட்டிக்கொண்டது. எழுத்து அதை அப்படியே வைத்துக்கொண்டது, நாக்கு தேய்த்துவிட்டது. நாம் குளோசெஸ்டர் என்று படிப்பது அங்கே க்ளாஸ்டர். வொர்செஸ்டர் என்பது வுஸ்டர். பைசெஸ்டர் என்பது பிஸ்டர். மான்செஸ்டர், வின்செஸ்டர் போன்றவற்றில் ‘சி’க்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’ இருக்கிறது பாருங்கள். எச் இருந்தால் முழுசாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விழுங்குங்கள். இது போதும்.

ஆனால் சைரன்செஸ்டர் என்று ஓர் ஊர் உண்டு. அதில் எச் இல்லை, இருந்தும் இன்று முழுசாகத்தான் சொல்கிறார்கள். முன்பு அதையும் விழுங்கி ‘சிசிட்டர்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். பிறகு எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் பெருகப் பெருக, தேய்ந்த வால் திரும்ப முளைத்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் வாலையே வெட்டி ‘சைரன்’ என்றும் சொல்வதுண்டு. 1845-இல் கல்லூரியாகத் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. விவசாயம் படிக்கப் போகும் பிள்ளைகள் நான் சொன்ன எச் விதியை நம்பி ‘சைரன்ஸ்டர்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி விஷயம் வேறு. லண்டன் பக்கம் முதல் அசையை அழுத்தி, ‘கா’வை நீட்டி, நியூகாஸில் என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் ‘நியூ’வை லேசாக விட்டு, அடுத்த அசையில் அழுத்தி, குறுக்கிச் சொல்வார்கள், கிட்டத்தட்ட நியூகேஸில் மாதிரி நம் காதில் விழும். தெற்கே அந்த ஒலி பிற்காலத்தில் நீண்டது, வடக்கே பழைய குறில் தங்கிவிட்டது. ஆகவே இரண்டும் சரி. தம்பி சிரிக்கட்டும்.

இனி கன்சல்டன்ட். விசா நேர்காணல் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி, செலவுக்குப் பணம் எங்கிருந்து என்றுதான் துருவுவார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது பேச்சு புரிகிறதா என்பதைத்தான், வெள்ளைக்காரர் போல இருக்கிறதா என்பதை அல்ல. கன்சல்டன்ட்கள் மனப்பாடம் செய்யக் கொடுக்கும் பதில்களை விசா நேர்காணலில் ஒப்பித்து மாட்டிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. இன்னொன்று, பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்காகப் பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. அதை வாங்கிக்கொண்டு உங்களிடமும் கை நீட்டுகிறார்கள். ரசீது கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு, எழுத்து ஒன்று ஒலி ஒன்று என்று ஒரு வகுப்பிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நம் பத்திரிகைகள் இன்னமும் ‘வொர்செஸ்டர்ஷயர்’ என்றே கிரிக்கெட் செய்தி போடுகின்றன. இந்த ஓட்டையில்தான் ஆக்சன்ட் வியாபாரி கடை விரிக்கிறார்.

கடைசியாக ஒன்று. லெஸ்டருக்கு ஊறுகாய், பொடி அனுப்பும்போது காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் முகவரி எழுதிவிடாதீர்கள். பையனின் கடிதத்தில் உள்ள எழுத்துகளை ஒன்று விடாமல் பார்த்து எழுதுங்கள். எல்-ஈ என்று தொடங்கும் போஸ்ட்கோடையும் மறக்க வேண்டாம்.