ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங்: என்ன வேறுபாடு?

பிளஸ் டூ முடித்த நீலகிரிப் பிள்ளைகள் பலருக்கும் வரும் குழப்பம் இது. மூன்றுமே செவிலியர் படிப்புகள்தான். 2 ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்பு) தாய்சேய் நலம், தடுப்பூசி, வீடு தேடிச் செல்லும் பணி ஆகியவற்றுக்கானது. ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், பேறுகால உதவிப் பட்டயப் படிப்பு) 3 ஆண்டு, வார்டு வேலையில் கை நன்றாகப் பழகும். பி.எஸ்சி. 4 ஆண்டுப் பட்டம்.

ஏன் இத்தனை வகை? நோயாளிகள் எல்லோரும் மருத்துவமனைக்கு வந்துவிடுவதில்லையே. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. மலைப்பகுதியில் 3,000 பேருக்கே ஒன்று. காரணம் பாதைதான். கர்ப்பிணி இறங்கி வரச் சிரமப்படும் சரிவில் அந்த நிலையத்து ஏ.என்.எம். செவிலியர் ஏறிப் போகிறார். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் ஒரு நாள் நடந்து பார்த்தால், அதை யாரும் சின்ன வேலை என்று சொல்லமாட்டார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியாகவும் போகலாம், கோத்தகிரி வழியாகவும் போகலாம் அல்லவா? நேரமும் வழியில் பார்ப்பதும்தான் வேறு. செவிலியர் ஆகும் இந்த மூன்று வழிகளும் அப்படித்தான்.

ஏ.என்.எம். படித்தால் அதோடு நின்றுவிட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு: செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றபின் ஜி.என்.எம். சேரலாம், அதை முடித்து, ஜி.என்.எம். படித்தவர்களுக்கான 2 ஆண்டுப் பட்டமான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் படிக்கலாம்.