முட்டம் பாறைக்கரையில் சாரணர்களுக்கு ஒரு நாள்: ஓதத்தைவிட அலையைப் பாருங்கள்

கேள்வி: 12 முதல் 15 வயதுள்ள 24 சாரணர்களைக் குமரி மாவட்டம் முட்டம் பாறைக்கரைக்கு அழைத்துச் சென்று, வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழியறியப் பழக்க நினைக்கிறோம். ஏப்ரல் விடுமுறையில் போகலாமா? ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) இறங்கும் நேரம் பார்த்துப் போனால் போதுமா?

பதில்: ஏப்ரல் வேண்டாம். ஜனவரிக்கு மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் ஓதத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். நீர்மட்டம் ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கும் கரைகளுக்கு அது சரி. குமரிக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொடாது. இங்கே ஆளை இழுப்பது அலை. அதிலும் மார்ச் முதல் மே வரை கள்ளக்கடல் வரும் காலம். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி வீசிய புயலில் கிளம்பும் நெடிய அலை, காற்றே இல்லாத வெயில் நாளில் இங்கே வந்து ஏறும். முட்டத்துக்குப் பக்கத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட கடலில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் கொந்தளிப்பு, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் நாள் மாலையும் அன்று விடியற்காலையும் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரம் 1 மீட்டரைத் தாண்டினாலோ, அலைகளுக்கு இடையிலான நேரம் 15 வினாடியைத் தாண்டினாலோ பாறைப் பக்கமே போகாதீர்கள். அதில் போடும் உயரம், அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிக் கணக்கு. மூன்று மணி நேரத்தில் ஒரே ஓர் அலையாவது ஏறக்குறைய அதன் இரு மடங்கு உயரத்தில் வரும். மீனவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றி வைத்திருந்தால், முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் திரும்பிவிடுவதே நல்லது.

இறங்குவதற்கு முன் 20 நிமிடம் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, சில நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அவை நனைத்த உச்சிக் கோட்டுக்குக் கீழே அன்று யாருக்கும் வேலை இல்லை. பாறைக்குழிகளில் தேங்கிய கடல்நீர்க் குட்டைகளைப் பார்ப்பதும் அதற்கு மேலுள்ளவற்றில்தான். பாறையின் நிறமும் ஒரு வழிகாட்டி: கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் கூரிய ஓட்டுயிர்) ஒட்டிய சொரசொரப்பில் கால் பிடிக்கும், ஆனால் விழுந்தால் தோலைச் சீவிவிடும். பச்சைப் பாசியும், நனைந்த கறுப்புப் படலமும் சோப்பு மாதிரி. ரப்பர் செருப்பும் வெறுங்காலும் ஆகாது. கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ போதும்.

ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என நான்கு குழு. ஐந்தாவது ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கவே கூடாது. விசிலோடு கடலை மட்டும் பார்த்து நிற்க வேண்டும். இந்த ஆளைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

திசைகாட்டிப் பயிற்சிக்குக் கடற்கரை அருமையான இடம். கரையோரத்தில் நிற்கிறோம் என்பது ஏற்கெனவே தெரியும். அதனால் ஓர் அடையாளத்தின் கோணத்தை எடுத்து, வரைபடத்தில் அந்த அடையாளத்திலிருந்து நம் பக்கமாக எதிர்த்திசையில் கோடு போட்டால் அது கரையை வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம். உடனே எல்லாரும் கலங்கரை விளக்கத்தைக் குறி வைப்பார்கள். தவறு அங்கேதான். அது கரைமேலேயே இருப்பதால் கோடு கரையோடு ஒட்டி ஓடும். எங்கே வெட்டுகிறது என்றே தெரியாது. உள்ளே தள்ளி நிற்கும் தேவாலயக் கோபுரம், செல்போன் டவர் என்று கரைக்குச் செங்குத்தாக விழும் அடையாளத்தை எடுங்கள். அப்போதும் 500 மீட்டர் தூரத்தில் 5 டிகிரி பிசகினால் 44 மீட்டர் தள்ளிப் போகும். செல்போனையும் இரும்பு வேலியையும் விட்டு விலகி நின்று அளக்கச் சொல்லுங்கள். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே உள்ள வித்தியாசம் மிகச் சிறிது, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் குழப்பத் தேவையில்லை. காலடி எண்ணித் தூரம் அளப்பதாக இருந்தால், 100 மீட்டருக்கு எத்தனை அடி என்று மணலில் ஒருமுறை, பாறையில் ஒருமுறை தனித்தனியே எண்ணிக்கொள்ளட்டும். பாறையில் அடி குறுகும்.

தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பாறையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர்தான் நகர முடியும். வெயிலுக்காக 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வைக்காவிட்டால் அடியில் ஒட்டியிருப்பவை காய்ந்து செத்துவிடும்.

ஒவ்வொரு குழுவிடமும் 5 லிட்டர் காலி கேன் ஒன்று இருக்கட்டும். கால்வாசி தண்ணீர் விட்டு, மூடி இறுக்கி, 20 மீட்டர் கயிறு கட்டுங்கள். வெறுங்கேன் காற்றில் திரும்பிவிடும். யாராவது விழுந்தால் மற்றவர் குதிக்கக் கூடாது, கேனை எறியுங்கள். விழுந்தவர் உடனே பாறையில் ஏற முயன்றால் அடுத்த அலை அதன்மேலேயே மோதவைக்கும்; பாறையை விட்டு விலகி, மல்லாந்து மிதக்கச் சொல்லிக் கத்துங்கள். கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் பெரியவர்கள் முன்பே போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.