செயலி காட்டும் இரண்டு அஸர் நேரங்கள்

கேள்வி: மதரஸா பிள்ளைகளுக்கு மார்க்கச் சட்டத்தையும் நடுநிலையையும் கைப்பேசி வழியாகக் கற்பிக்க இயலுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இயலும், தொழுகை நேரச் செயலி ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். அதில் மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) மாற்றினால் அஸர் எனும் பிற்பகல் தொழுகையின் நேரமும் மாறும். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் அஸர் தொடங்கும் என்பது ஷாஃபி மத்ஹப். இரு மடங்காக வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் பெயர்பெற்ற கருத்து. அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும் ஒரு மடங்கே போதும் என்றனர். ஆசிரியரோடு மாறுபட்டும் அவர்கள் அவருடைய ஹனஃபி மத்ஹபின் இமாம்களாகவே போற்றப்படுகிறார்கள். அந்த முஹம்மது அஷ்ஷைபானியிடம் பாடம் கேட்டவரே இமாம் ஷாஃபி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாக உள்ள கொங்குப் பகுதியில், ஷாஃபி வீட்டுப் பிள்ளை தனித்து நிற்காமலிருக்க இப்பாடம் மிகவும் தேவை. ஆதாரம் காட்டாத ஒரு நிமிடக் காணொளித் தீர்ப்புகளை மட்டும், உஸ்தாது (ஆசிரியர்) உடனில்லாமல் பார்க்க விடாதீர்கள்.