சுவர் ஓவியமும் சோற்றுக் கவலையும்: கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் பிளஸ் டூ முடித்ததும் நுண்கலை படிக்க விரும்புவதைவிட, சனி, ஞாயிறுகளை எல்லாம் உள்ளூர் ஓவியர் ஒருவருடன் கண்காட்சி வேலையிலும் சுவர் ஓவியத்திலும் செலவிடுவதுதான் தங்களுக்கு அதிக வருத்தம் தருகிறது என்பது கடிதத்திலிருந்து புரிகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்த்து மகளைப் படிக்கவைக்கும் ஒருவருக்கு, இதில் பிழைப்பு உண்டா என்ற கேள்வி எழுவது நியாயமே. ஆனால் அந்தப் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதை அவள் கற்றுக்கொள்வது, தாங்கள் வீண் என்று எண்ணும் அந்த இரண்டு நாட்களில்தான்.

பதில் எழுதுமுன், அவர்கள் வேலை செய்யும் அங்கன்வாடிக்குக் கடந்த சனிக்கிழமை நான் நேரில் போயிருந்தேன். காலை எட்டரை மணிக்கு வண்ணங்கள் எல்லாம் தயாராக இருந்தும் தங்கள் மகள் தூரிகையைத் தொடவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஈரம் பார்த்துவிட்டு, வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தாள். சுமார் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் அக்ரிலிக் வண்ணம் சரியாகப் படலம் கட்டாது, பின்னால் உரிந்துவிடும் என்று காரணம் சொன்னாள். உறைபனி விழும் நம் மலையில் இந்த அறிவு இல்லாமல் பூசிய சுவர் அடுத்த மழைக்காலத்தைத் தாங்காது. இதை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பார்கள் என்றாலும், கையால் தொட்டு உணர்ந்தவருக்குத்தான் அது நிலைக்கும்.

பிற்பகலில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்களை அவள் சுவரில் வரைந்திருந்தாள். குழந்தையை அழைத்துப்போக வந்த ஒரு தாய், "நாங்க இப்போ கத்தரி வெச்சுத்தானேம்மா வெட்டுறோம், கையில கிள்ளுற மாதிரி போட்டிருக்கியே" என்றார். அவள் மறுப்பு எதுவும் சொல்லாமல், கத்தரியை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவரிடமே கேட்டு, முடித்துவிட்ட இரண்டு கைகளை அழித்து மீண்டும் வரைந்தாள். சமூக ஓவியம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். யாருக்காக வரைகிறோமோ அவர்கள் சொல்வதைக் கேட்டு வேலையைத் திருத்தத் தெரிந்தவரையே பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் மீண்டும் அழைக்கின்றன. ஓவியருக்கு அடுத்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஓவியம் விற்றுத்தான் ஓவியர் வாழ்கிறார் என்ற எண்ணமே பெற்றோரை அதிகம் பயமுறுத்துகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள்கூட, பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற வருமானத்தில்தான் தங்கள் ஓவியங்களைத் தொடர்ந்தார்கள். நம் பக்கத்திலேயே கூடலூர்ப் பகுதியில், காட்டை அடைத்துப் பரவிய உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு பழங்குடிக் கைவினைஞர்கள் முழு அளவு யானைகளைச் செய்தார்கள்; 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை, உள்ளூர்ப் பிரச்சினை ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை அது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேங்கைப் பிசினையும் மண்ணையும் இலைச்சாற்றையும் கொண்டு நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்கள் தீட்டும் ஓவியங்கள் அவர்களுடைய மரபு. கண்காட்சியில் அவை நன்றாக விற்கின்றன என்பதற்காக வேறொருவர் நகலெடுத்துத் தம் பெயரில் வைப்பது முறையன்று. அந்த ஓவியர்களையே அழைத்து, உரிய ஊதியம் தந்து, அவர்களோடு சேர்ந்து வரைவதே சரி. தங்கள் மகளிடம் இதைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டாள்.

தாங்கள் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறு. கையில் பணம் உள்ளவர்கள், "உனக்கு விளம்பரம் கிடைக்குமே" என்று சொல்லி இலவசமாக வரையச் சொல்வார்கள். அங்கன்வாடிக்கு மனமுவந்து வரையலாம். தங்கும் விடுதிக்கு அப்படி வரையக் கூடாது. நான் ஆலோசனை கூறிய மாணவர் ஒருவர், கோடைப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், வாய்ப்பேச்சை நம்பி ஒரு விடுதிச் சுவர் முழுவதையும் வரைந்து கொடுத்தார். வண்ணம் வாங்கிய செலவுகூட அவருக்குத் திரும்பவில்லை. எழுதி வாங்கச் சொல்லாமல் விட்டது என் தவறு என்பதால், இப்போது எல்லோரிடமும் அதை முதலில் சொல்கிறேன். சுவரின் அளவு, கூலி, முன்பணம், வண்ணச் செலவு யாருடையது, ஓவியத்தில் பெயர் இடம்பெறுமா, பழுதானால் யார் சரிசெய்வது ஆகியவை ஒரே தாளில் இருந்தால் போதும். கண்காட்சி என்றால், விற்பனையில் அரங்கத்தின் பங்கு எத்தனை சதவீதம், சட்டகச் செலவு யாருடையது, மழைக்காலத்தில் காகித ஓவியங்களில் பூஞ்சை பிடித்தால் யார் பொறுப்பு என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, சென்னையில் 1850-ல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணத்துக் கல்லூரியும் நான்காண்டு பி.எஃப்.ஏ. (இளநிலை நுண்கலை) பட்டம் வழங்குகின்றன. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணச் சுமை குறைவு. விடுதி, வண்ணம், காகிதம் ஆகியவற்றுக்குத்தான் தாங்கள் முன்கூட்டியே சேமிக்க வேண்டியிருக்கும். சேர்க்கையின்போது வரைதிறன் தேர்வு உண்டு. ஓவியம் மட்டுமன்றி, துணி வடிவமைப்பு, சுடுமண் கலை, காட்சித் தொடர்பு ஆகிய பிரிவுகளையும் அவள் விண்ணப்பிக்குமுன் பார்க்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி வேலை முடிகிறது. இரவுப் பணி முடிந்து ஓய்வெடுத்த பின், பிற்பகலில் ஒரு மணி நேரம் அங்கே சென்று நின்று பாருங்கள். செய்த ஒவ்வொரு வேலையின் அளவு, நாள், செலவு, வரவு என்று அவள் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, மறு வாரம் இருவரும் சேர்ந்து என் அலுவலகத்துக்கு வாருங்கள்.