பெரியப்பாவின் ஐம்பதாயிரம்

கேள்வி: எச்எஸ்சி முடித்த என் மகளுக்கு மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. என் கணவரின் அண்ணனோ, வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் கல்லூரிதான் கௌரவம் என்கிறார். ஆண்டுக்கு 2,50,000 ரூபாய், மூன்று ஆண்டுகள். முதல் தவணைக்கு அவர் 50,000 தருகிறார். மீதிக்கு வீட்டை ஈடுவைத்து 7 சதவீத வட்டியில், 7 ஆண்டுக் கடன் வாங்கலாமா? அவர் சொல்லி வாங்கிய காருக்கே மாதம் 9,000 கட்டுகிறோம். இளையவனுக்குக் கல்விச் சேமிப்புக் காப்பீடு எடுக்கவும் ஒரு முகவர் வற்புறுத்துகிறார்.
- ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: அம்மா, உங்கள் சிக்கல் வட்டியில் இல்லை. மொத்தக் கட்டணம் ஏழரை லட்சம். அதில் பதினைந்தில் ஒரு பங்கு தருபவர் முழுத் தொகைக்கும் முடிவெடுக்கிறார். கார் விஷயத்திலும் இதுதானே நடந்தது?

கணக்கைப் பாருங்கள். 7 லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 10,600 ரூபாய். கார் தவணையும் சேர்ந்தால் 20,000-ஐ நெருங்கும். கடன் தீரும்போது 8,90,000 கட்டியிருப்பீர்கள். அண்ணனின் கையெழுத்து அந்தப் பத்திரத்தில் இருக்காது.

மறுபக்கம், 2019 ஜனவரி முதல், மொரீஷியஸ் பல்கலைக்கழகம் உட்பட அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. வீட்டருகே மெட்ரோ ஏறினால், பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயியில் இறங்கலாம். புத்தகம், சாப்பாடு, மடிக்கணினி என்று செலவு உண்டுதான். அதற்கு வீட்டை ஈடுவைக்க வேண்டியதில்லை.

கணக்கியல் படிப்பவர்களில் பலர் அடுத்து ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் தகுதித் தேர்வை எழுதுகிறார்கள். அதன் 13 தாள்களில், படித்த பட்டத்தைப் பொறுத்து 9 வரை விலக்கு கிடைக்கலாம். ஆகவே கல்லூரியின் பளபளப்பான கையேட்டை மூடிவைத்துவிட்டு, எந்தப் பட்டத்துக்கு எத்தனை தாள் விலக்கு என்று இரண்டு இடங்களிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகளே போய்க் கேட்கட்டும். அவள் எங்கே படிக்க விரும்புகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை!

காப்பீட்டு முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் கையில் எவ்வளவு திரும்பி வரும்? பதில் இழுபட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கார் கடன் தீரும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

அண்ணனிடம் மனம் கோணாமல் பேச வேண்டியவர் உங்கள் கணவர்தான். "உங்கள் ஐம்பதாயிரத்தைப் பிள்ளையின் ஏசிசிஏ தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருங்கள்" என்று அவர் சொல்லட்டும்.