முதல் நாள் பால்

அன்புள்ள அம்மா,

சென்ற செப்டம்பரில் நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில் ஒரு பால் பண்ணையைப் பார்த்தோம். அங்கு அப்போது வசந்த காலம். பிறந்து சில நாட்களே ஆன கன்றுகளுக்கு என் மகள் புட்டிப்பால் புகட்டினாள். அவை பிறந்தவுடனே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை என்று அறிந்ததும் அழுதவள், கோலாலம்பூர் திரும்பிய பிறகும் பாலைத் தொட மறுக்கிறாள். மனுநீதிச் சோழனின் மரபில் வந்த நாம் பால் குடிப்பது பாவமா? ரவாங்கில் மாடு வைத்திருக்கும் உறவினரிடம் சொல்லிவைத்து, முதல் கறவைச் சீம்பாலை வாங்கி அவித்து உண்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் விட்டுவிட வேண்டுமா?

ம., செராஸ்

அன்புள்ள ம.,

மகளைப் பால் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. மனுநீதிச் சோழனையும் விட்டுவிடுங்கள். தேர்க்காலில் மாண்ட கன்றுக்குக் கேட்ட நியாயம் வேறு, தொழுவத்தில் வளரும் கன்றுக்குக் கேட்க வேண்டியது வேறு.

பிரிப்பதைப் பற்றி ஒன்று. ஃபிரீசியன் என்னும் ஐரோப்பியக் கறவை இனப் பசு, கன்று அருகில் இல்லாமலே இயந்திரத்துக்குப் பால் இறக்கும். நம்மவர்கள் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவையோ, பெரும்பாலும் கன்று முட்டினால்தான் சுரக்கும். அதனால்தான் கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்தார்கள். அதைக் கருணை என்று மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பால் பண்ணைகளில் பிறக்கும் ஆண் கன்றுகளில் பல, சில நாட்களிலேயே இறைச்சிக்குப் போய்விடுகின்றன. மகள் அதையும் ஒருநாள் கேட்பாள், மழுப்பாமல் சொல்லுங்கள்.

என் மனம் உங்கள் கடைசிக் கேள்வியை விட்டு நகர மறுக்கிறது, ஏனெனில் சீம்பாலைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு பங்கைக் கருவிலேயே பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அது சீம்பாலைக் குடித்துத்தான் அதைப் பெற வேண்டும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உள்ளிழுத்துக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே உண்டு, அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். ஆகவே முதல் 6 மணி நேரத்துக்குள், 40 கிலோ கன்று என்றால் சுமார் 4 லிட்டர் உள்ளே போயாக வேண்டும். தாய் அருகிலேயே நின்றாலும், இது கிடைக்காத கன்று கழிச்சலில் சுருண்டுவிடக்கூடும்.

முதல் கறவைதான் வேண்டும் என்று ஏன் சொல்லிவைக்கிறீர்கள்? வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தால் அதுதான் கட்டியாக நிற்கும், அடுத்தடுத்த நாள் பால் அந்த அளவுக்கு நிற்காது என்பதற்காகத்தானே? அப்படிக் கட்டியாக நிற்க வைப்பதே கன்றைக் காக்க வந்த அந்தப் புரதங்கள்தாம். உங்கள் தட்டில் கத்தி வைத்தால் அழகாக வெட்டுப்படுகிறதே, அந்தக் கெட்டித்தன்மைதான் கன்றின் உயிர். நியூசிலாந்துக்காரரின் கன்றுக்காக அழுத வீட்டில், ரவாங் கன்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது, செந்தூலில் எங்களுக்குப் பால் ஊற்றிய தாத்தாவிடம் என் அம்மா சீம்பால் கேட்டால், மூன்றாம் நாள் வாருங்கள் என்றே சொல்லுவார். ஈன்ற கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார். வாய் குளிர்ந்திருந்தாலோ விரலைச் சப்பாமல் இருந்தாலோ, வாடிக்கையாளர்கள் வாசலில் காத்திருந்தாலும் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்றைத் தூக்கி மடியருகே நிறுத்துவார். புத்தகம் எதையும் படித்தவரல்லர். முதல் நாள் பாலை எந்த விலைக்கும் அவர் விற்று நான் பார்த்ததில்லை.

எனவே சீம்பாலை நிறுத்த வேண்டாம். முதல் கறவையைக் கேட்பதை நிறுத்துங்கள். கன்று எத்தனை மணிக்குப் பிறந்தது, எப்போது குடித்தது என்று உறவினரிடம் முதலில் விசாரியுங்கள், மூன்றாம் நாள் மிஞ்சுவதை வாங்கிக்கொள்ளுங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள். எழ முடியாத கன்றுக்குப் புட்டியில் புகட்ட நேர்ந்தால், அதன் கழுத்து நீண்டு, முகம் சற்றே நிமிர்ந்திருக்கும்படி அவள் பிடிக்கட்டும். மடியில் குடிக்கும்போது தலை அப்படித்தான் இருக்கும். வெகுவாகத் தூக்கிப் பிடித்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.